பரணில் கிடைத்த பிளாப்பிகள்: 1998-ல் டர்போ சி-யில் எழுதிய ஆடுபுலி ஆட்டத்தை என்ன செய்யலாம்?

பரண்வாசி (திரியைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஈரோட்டில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்து பார்த்தால் மூன்றரை அங்குல பிளாப்பிகள், மொத்தம் 11. கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்து எழுதியவை. லேபிளில் என் கையெழுத்தில் "புலி1", "புலி2", "புலி3 - இதுதான் சரி" என்று இருக்கிறது. ஆடுபுலி ஆட்டம்! நான் எழுதிய முதல் முழு விளையாட்டு அது. 25 வருடத்துக்கு மேல் அதை நினைத்தே பார்க்கவில்லை.

யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். 11-ல் 4 மட்டும் படித்தது, நல்ல வேளையாக அதில் புலி3 இருந்தது. ஒரே ஃபைலில் சுமார் 1,400 வரி சி நிரல். திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது 23 எண்கள் கொண்ட ஒரு வரிசை. உச்சியில் ஒரு புள்ளி, குறுக்கே மூன்று கோடுகளில் ஆறு ஆறாக 18, அடியில் 4. கட்டத்தாளில் பென்சிலால் எண் போட்டு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகலாம் என்று விரல் வைத்து எண்ணியது அப்படியே ஞாபகம் வந்துவிட்டது.

இதை ஓட வைக்க வேண்டும். எப்படி என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: குறியீடு ரொம்பக் கலைந்து கிடக்கிறது, அதைச் சுத்தம் செய்து இப்போதைய முறைக்கு மாற்றி எழுதலாமா, அல்லது அப்படியே விடலாமா?

எட்டுபிட்

வாழ்த்துகள் நண்பரே. ஆனால் உடனே நிறுத்துங்கள், மற்ற பிளாப்பிகளைத் திரும்பத் திரும்ப டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். ஷட்டரை மெல்ல ஒதுக்கி, வெளிச்சத்தில் தட்டைப் பாருங்கள். வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். பூஞ்சை பிடித்த தட்டை டிரைவில் போட்டால் அது ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து போடுகிற நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். என்னுடைய இரண்டு பிளாப்பிகள் அப்படித்தான் போயின, அவற்றில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, தட்டை நடுவிலிருந்து கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துடையுங்கள். முழுக்கக் காயட்டும். ரைட் புரொடெக்ட் துளை திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நீங்கள் கேட்காமலேயே எதையாவது எழுதி வைக்கும்.

படிக்கும்போது ஃபைல் ஃபைலாக நகல் எடுக்க வேண்டாம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழுத் தட்டையும் ஒரே இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகலாக எடுங்கள். 1.44 எம்பி தட்டில் 2,880 செக்டர்கள் (தட்டின் சிறு துண்டுகள்), ஒன்றுக்கு 512 பைட். நன்றாக இருப்பதை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற செக்டரை மட்டும் அது பிறகு மறுபடி மறுபடி முயலும். எந்த செக்டர் போனது என்றும் குறித்து வைக்கும், அது பின்னால் உதவும்.

கருந்திரை

ஓட வைப்பது எளிது. டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் மெஷினைப் போல நடந்துகொள்ளும் நிரல்) போடுங்கள், உள்ளே டர்போ சி++ 3.0 ஃபோல்டரை மவுண்ட் செய்யுங்கள், அவ்வளவுதான். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் நேரடியாக ஓடவே ஓடாது, அதனால் அந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முதல் தடவை "கிராபிக்ஸ் இன்னும் தொடங்கவில்லை" என்கிற பிஜிஐ (டர்போ சி-யின் படம் வரையும் பகுதி) எரர் வந்தால் பயப்படாதீர்கள், அந்த எரரைப் பார்க்காமல் நம் ஊரில் யாரும் சி படித்து முடித்திருக்க மாட்டார்கள். கிராபிக்ஸைத் தொடங்கும் இனிட்கிராஃப் வரியில் பிஜிஐ ஃபோல்டரின் பாதை நேரடியாக எழுதியிருப்பீர்கள், அது உங்கள் சென்டர் மெஷினின் பாதை. அதை மட்டும் மாற்றினால் போதும். பாதையில் வரும் சாய்கோட்டை (பேக்ஸ்லாஷ்) இரண்டு இரண்டாகப் போட வேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறதா? ஒற்றையாகப் போட்டால் டீசி என்ற ஃபோல்டர் பெயரின் டீ-யோடு சேர்ந்து டேப் ஆகும், பிஜிஐ-யின் பி-யோடு சேர்ந்து பேக்ஸ்பேஸ் ஆகும், பாதை உருத்தெரியாமல் போகும். எனக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. மூன்று நாள் ஆனது கண்டுபிடிக்க. கண்டுபிடித்த அன்று திரையில் ஒரு வட்டம் வந்தது, வெறும் வட்டம். அந்த சந்தோஷம் இப்போது சம்பளத்துக்கு எழுதும் எதிலும் வருவதில்லை.

மண்வாசல்

நான் கியூபேசிக் (டாஸோடு வந்த பேசிக் மொழி) காலத்து ஆள். 1995-ல் எங்கள் பள்ளி லேபில் எம்எஸ்-டாஸோடு வந்த கொரில்லா, நிபிள்ஸ் என்ற பாம்பு விளையாட்டு இரண்டும் இருந்தன. அவற்றின் குறியீடு கண்ணெதிரே திறந்து கிடக்கும், நாம் விருப்பப்படி மாற்றலாம். அந்தப் பாம்பு விளையாட்டில் நான் செய்த முதல் மாற்றம் சுவரைத் தொட்டால் சாகாமல் மறுபக்கம் வருவது. பிறகு சொந்தமாக ஒரு கார் பந்தயம் எழுதினேன். ஸ்கிரீன் 13 என்ற திரை முறை, 320க்கு 200, 256 வண்ணம்.

போன வருடம் அதைத் தேடி எடுத்து ஓட்டினால், கார் புறப்பட்ட அதே நொடியில் ஆட்டம் முடிந்துவிட்டது. காரணம் எளிது. வேகத்தைக் குறைக்க ஒன்றிலிருந்து 5000 வரை சும்மா எண்ணும் ஒரு லூப் வைத்திருந்தேன், 486 மெஷினுக்கு அளவு பார்த்து வைத்தது. பாஸ்கலில் எழுதியவர்களுக்கு இதைவிடக் கஷ்டம், டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட்டைச் சேர்த்திருந்தால் வேகமான மெஷினில் தொடங்கும்போதே 200-ஆம் எண் எரர் அடித்து நின்றுவிடும். அந்த யூனிட் தொடக்கத்தில் மெஷினின் வேகத்தை அளக்கும், கிடைக்கும் விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காது.

டாஸ்பாக்ஸில் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். 3000 சைக்கிளில் ஆரம்பித்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். என் கார் சரியான வேகத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நேர்க்கோடு

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மாற்றி எழுதுங்கள், தயங்கவே வேண்டாம். பழைய குறியீட்டைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன பயன்? அதை எழுதிய வயதில் நமக்குத் தெரியாதது இப்போது தெரியும். ஆடுபுலியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் புலியின் தாண்டலை எப்படி எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு இஃப் (இப்படி இருந்தால் இதைச் செய் என்கிற வரி). சரியா?

பலகையை வெறும் 10 கோடுகளாகப் பாருங்கள். உச்சியிலிருந்து இறங்கும் சாய்கோடு 4, ஒவ்வொன்றிலும் 5 புள்ளி. குறுக்குக்கோடு 3, ஒவ்வொன்றிலும் 6. அடிக்கோடு 1, அதில் 4. இரு பக்கமும் ஓரக்கோடு 2, ஒவ்வொன்றிலும் 3. ஒரே கோட்டில் அடுத்தடுத்த இரண்டு புள்ளி என்றால் நகர்வு, அடுத்தடுத்த மூன்று என்றால் தாண்டல். நகர்வுக்கான இணைப்பு 16, 15, 3, 4, ஆக 38. தாண்டல் 12, 12, 2, 2, ஆக 28. இரு திசையிலும் கணக்கிட்டால் 56. பத்து வரி அட்டவணையும் ஒரு லூப்பும் போதும். 1,400 வரி 300-க்குள் வந்துவிடும், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினால் போனிலேயே விளையாடலாம், உங்கள் பிள்ளைகளும் விளையாடுவார்கள். பிளாப்பி இமேஜை யார் விளையாடப் போகிறார்கள்?

பரண்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு டாஸ்பாக்ஸில் ஓடிவிட்டது! பாதையை மட்டும் மாற்றினேன், கருந்திரை சொன்னது போலவே.

கறுப்புத் திரையில் மஞ்சள் கோடுகள். "ஆடு", "புலி" என்று தமிழில் எழுதியிருக்கிறேன், எழுத்துரு எதுவும் இல்லாமல் ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தாளில் வரைந்து புள்ளி புள்ளியாக வைத்தது. "லி"-யின் மேல்விலங்கு மட்டும் ஒன்பது வரி. காயை நகர்த்த எக்ஸார் முறையில் புட்இமேஜ் (படத்தைத் திரையில் வைக்கும் கட்டளை), ஒரே படத்தை அதே இடத்தில் இரண்டாம் முறை வைத்தால் அழிந்துவிடும், பின்னால் இருக்கும் கோடு சேதமாகாது. இதை யாரிடமும் கேட்டுக் கற்றதாக ஞாபகம் இல்லை. 640க்கு 480 கிடைத்தும் புலி3-ல் 640க்கு 350-தான் வைத்திருக்கிறேன், ஏனென்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: 480-ல் நினைவகத்தில் ஒரே திரைப்பக்கம்தான், 350-ல் இரண்டு பக்கம் கிடைக்கும், ஒன்றில் வரைந்து முடித்து மற்றதோடு மாற்றிக்கொள்ளலாம், திரை துடிக்காது. அந்த 21 வயதுப் பையன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

புலியைக் கம்ப்யூட்டர் ஆடும். தற்செயல் எண்களைக் கலைத்துவிடும் ரேண்டமைஸ் அழைக்க மறந்திருக்கிறேன், அதனால் நாம் ஒரே மாதிரி ஆடினால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆட்டம்தான். என் தங்கை அந்த வரிசையை மனப்பாடம் செய்து தினமும் ஜெயிப்பாள்.

நேர்க்கோடு, நீங்கள் ஊகித்தது சரி, இஃப்-தான். உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். 56 இல்லை, 52. ஓரக்கோட்டுத் தாண்டல் நான்கும் இல்லை. ஆனால் நகர்வு 38-ம் சரியாக இருக்கிறது.

நேர்க்கோடு

பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன். கையால் 56 இஃப் எழுதினால் நான்கு விட்டுப்போகத்தான் செய்யும். அட்டவணையாக இருந்தால் விட்டுப்போக வழியே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். திருத்தி எழுதுங்கள்.

சிறுதிரை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் கொஞ்சம் பிந்தைய தலைமுறை. 2006 வாக்கில் நோக்கியா போன்களுக்கு ஜே2எம்ஈ-யில் (போனுக்கான ஜாவா) எழுதினேன். அப்போதைய சீரிஸ் 40 போன்கள் பலவற்றில் திரை 128க்கு 128, ஜார் ஃபைல் 64 கேபி-யைத் தாண்டக் கூடாது. படம், ஒலி, நிரல் எல்லாம் அதற்குள். ஒரு தாயம் விளையாட்டு 61 கேபி-யில் முடித்தேன்.

மூல நிரல் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஜார் மட்டும் ஒரு நண்பரின் மெயிலில் கிடைத்தது. ஆண்டிராய்டில் ஜே2எம்ஈ லோடர் போட்டால் அருமையாக ஓடுகிறது. ஆனால் ஜாரிலிருந்து நிரலைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் பெயர் எல்லாம் ஏ, பி, சி என்று இருக்கிறது, அளவைக் குறைக்க அப்போது நானே அப்படிச் சுருக்கினேன். என்ன செய்கிறது என்று தெரிகிறது, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பரண்வாசி அண்ணாவிடம் மூன்று பதிப்புகள் இருக்கின்றன, அது எவ்வளவு பெரிய கொடுப்பினை! தயவுசெய்து எதையும் மாற்றுவதற்கு முன் மற்ற இரண்டையும் படித்துப் பாருங்கள்.

ஃபிளாஷில் (பிரவுசரில் விளையாட்டு ஓட்டிய மென்பொருள்) எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ரஃபிள் என்று ஒரு எமுலேட்டர் இருக்கிறது, எஸ்டபிள்யூஎஃப் ஃபைல் இருந்தால் பிரவுசரிலேயே ஓடும்.

எட்டுபிட்

சிறுதிரை சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நேர்க்கோட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றி எழுதுவதில் தப்பே இல்லை. எது முதலில், எது பிறகு என்பதில்தான் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கான மூல நிரல் கிடைத்த கதை தெரிந்திருக்கும். 1989-ல் வந்த விளையாட்டு. எழுதிய ஜோர்டன் மெக்னர் அதைத் தொலைத்துவிட்டதாகவே நினைத்திருந்தார், 2012-ல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார், அதற்குள் மூன்றரை அங்குலத் தட்டுகள். பழைய கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்களை வரவழைத்து, கவனமாகப் படித்து, அந்த வருடமே கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) போட்டார். யாரும் அதைத் திருத்தி அழகாக்கிப் போடவில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் 6502 சிப்புக்கான அசெம்பிளி நிரலை அவர் எழுதியபடியே வைத்தார்கள். இன்று ஒருவர் அதைத் திறந்து, சொற்ப நினைவகத்துக்குள் அந்த அசைவுகளை எப்படி அடக்கினார் என்று வரிவரியாகப் படிக்க முடிகிறது. திருத்திப் போட்டிருந்தால் அதைப் படிக்க முடியுமா?

ஆகவே முதலில் இமேஜ். அப்புறம் கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கருவி) புலி1, புலி2, புலி3 என்று வரிசையாக, ஒரு எழுத்தும் மாற்றாமல், மூன்று கமிட் (சேமித்த பதிவு). அதற்குப் பிறகு தனிக் கிளையில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்த நான்கு இஃப் விட்டுப்போனதா, விடப்பட்டதா என்று புலி1-ஐப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கருந்திரை

ஃபைல் தேதிகளைப் பாருங்கள் அண்ணா, எது முந்தியது எது பிந்தியது என்று உறுதியாகும்.

பரண்வாசி

தேதி உதவவில்லை, எல்லாம் 1980 ஜனவரி 1 என்று காட்டுகிறது. சென்டர் மெஷினில் தேதியை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டாஸ் அந்தத் தேதியில்தான் தொடங்கும். லேபிளை நம்ப வேண்டியதுதான்.

எட்டுபிட் சொன்னபடி புலி1-ஐத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது, கை நடுங்கியது. டிடிரெஸ்க்யூ மூன்றாவது சுற்றில் 2,880-ல் 2,878 செக்டர் எடுத்துவிட்டது. போன இரண்டும் காலி இடத்தில், ஃபைலில் ஒரு எழுத்தும் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புலி1-ல் 56 இஃப் இருக்கிறது. ஓரக்கோட்டுத் தாண்டல் நான்கும் சரியாக இருக்கிறது. அதாவது நான் மறக்கவில்லை. எழுதிவிட்டு, பிறகு எடுத்திருக்கிறேன்.

ஏன் என்று எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை.

நேர்க்கோடு

சரி, இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் அட்டவணையைப் போட்டிருந்தால் அந்த நான்கும் யாருக்கும் தெரியாமலே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும், திருத்திவிட்டோம் என்று நாமும் சந்தோஷப்பட்டிருப்போம். முதலில் அப்படியே வையுங்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காரணம் தெரிய வேண்டும். ஆட்டத்தில் புலி ரொம்ப பலமாக இருந்ததா? 15 ஆட்டுக்கு 3 புலி, ஓரத்திலும் தாண்டலாம் என்றால் ஆடு வைக்கிறவருக்குக் கஷ்டம்தான். சமன் செய்ய எடுத்திருக்கலாம்.

மண்வாசல்

ஊர் வழக்காகவும் இருக்கலாம். எங்கள் பக்கம் கோயில் மண்டபத் தரையில் வெட்டிய பலகைகள் உண்டு, அடுத்த ஊருக்குப் போனால் விதி கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டில் யார் இதை ஆடச் சொல்லித்தந்தார்கள்? அவர்களைக் கேளுங்கள்.

பரண்வாசி

கேட்டேன். பவானியில் இருக்கும் அத்தைதான் எனக்குச் சொல்லித்தந்தவர், இப்போது 78 வயது. போனில் "அத்தை, ஆடுபுலியில் ஓரக்கோட்டில் புலி தாண்டலாமா?" என்று மட்டும் கேட்டேன், வேறு எதுவும் சொல்லவில்லை.

"ஓரத்துல புலிக்குப் பாய்ச்சல் கிடையாதுடா, ஆடு ஒதுங்க ஒரு எடம் வேணுமில்ல. அன்னைக்கே உங்கிட்ட சொன்னேனே" என்றார்.

எப்போது சொன்னீர்கள் என்று கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரை அந்த சென்டருக்குக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, ஏசி அறையில் உட்கார வைத்து ஆட விட்டேனாம். அவர் ஆட்டை ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறார், கம்ப்யூட்டர் தாண்டி வெட்டிவிட்டது. இது தப்பு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம். அவருக்கு அந்த அறையின் குளிர்கூட ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. ஆனால் நான்கு இஃப்-ஐ எடுத்திருக்கிறேன்.

மூன்று கமிட்டில் இரண்டு போட்டாயிற்று. 52-ஐத் தொடவில்லை. நேர்க்கோடு, உங்கள் பத்துக்கோடு அட்டவணையைத் தனிக் கிளையில் எழுத ஆரம்பித்திருக்கிறேன், அதில் ஓரக்கோடு இரண்டுக்கும் "நகரலாம், தாண்ட முடியாது" என்று ஒரு குறி சேர்த்தால் சரியாக 52 வருகிறது.

வருகிற ஞாயிறு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பவானி போகிறேன், பழைய ஆட்டத்தோடு. அதில் மவுஸ் கிடையாது, புள்ளியின் எண்ணைத் தட்டினால் போதும், அவருக்கு அதுதான் வசதி. புலி2-ஐ நேற்று துடைத்து வைத்தேன், இன்னும் 5 செக்டர் வர மறுக்கிறது, இன்று இரவும் ஓட விட்டிருக்கிறேன்.